அச்சில் ஏறாத பெயர்

"மாயா இருக்கு, மார்கரெட் இருக்கு, மாலா இருக்கு. நான் மட்டும் இல்ல அத்தை."

அண்ணன் மகள் புத்தகத்தை விரித்தபடியே மேசைமேல் வைத்து, இரண்டு பெயர்களுக்கு நடுவே நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். பள்ளி விட்டு நேராக வந்திருந்தாள். முதுகுப் பையைக் கழற்றவில்லை. கக்கத்தில் சுருட்டிய வரைதாள் ஒன்று இருந்தது. அச்சகத்தின் இந்த மாடியறைக்கு அவள் வருவது புதிதல்ல. அம்மாவுக்கு வேலை முடியத் தாமதமாகும் நாட்களில் வந்து, வீணான அட்டைகளின் பின்பக்கத்தில் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். இன்று உட்காரக்கூட இல்லை.

அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. அந்தப் புத்தகத்தில் நாலாயிரத்து முந்நூறு பெண் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த மொழி, என்ன பொருள், எங்கே கிளம்பி எங்கே வந்து சேர்ந்தது என்று ஒரு வரி. எல்லாம் அவள் ஒருத்தி தொகுத்தது. வேலை என்னவோ பிழை திருத்துவதுதான்; திருமண அழைப்பிலிருந்து தேர்தல் துண்டறிக்கை வரை இந்த அச்சகத்தில் எது ஏறினாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் ஏற வேண்டும். பெயர்கள் அவளுடைய பைத்தியம். நீலோத்பலம் என்கிற நம் பக்கத்துச் சொல் பாரசீகம் போய் நிலூஃபர் ஆகி, ஒரு பெண்ணின் பெயராகத் திரும்பி வந்த கதையைக் கேட்க ஆள் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. இப்போது மேசையில் கிடப்பது அதே புத்தகத்தின் புதிய பதிப்புக்காகப் பிழை பார்க்க வேண்டிய புரூஃப் தாள்கள். மா வரிசைப் பக்கங்கள் மட்டும் பாக்கி. ஐந்து மணிக்குக் கீழே போயாக வேண்டும். மணி நாலு இருபது.

"விட்டுப் போயிருக்கும் கண்ணு. இத்தனை பேருல ஒண்ணு ரெண்டு விடுபடாதா?"

"யூகி விடுபடலையே. ஒரு எழுத்துல எழுதினா பனி, இன்னொரு எழுத்துல எழுதினா சந்தோஷம்னு அதுக்கு மூணு வரி எழுதியிருக்கீங்க. சொந்த அண்ணன் பொண்ணு பேரு விடுபட்டுப் போச்சா?"

பதினான்கு வயதில் குரல் இப்படித்தான் இருக்கும் என்று அத்தை தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் குரலில் கோபம் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போலப் பேசினாள். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். வகுப்பில் மொழி ஆசிரியை ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தன் பெயர், அது எந்த மொழி, என்ன பொருள் என்று எழுந்து சொல்ல வேண்டும். போனில் பார்த்தேன் என்றால் மதிப்பெண் கிடையாது. புத்தகத்தைக் காட்ட வேண்டும். இவள் முறை திங்கட்கிழமை. புதன்கிழமையே முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, செசிலியா, இலத்தீன், பார்வையற்றவள் என்று படித்துவிட்டு உட்கார்ந்தாளாம். அன்று மத்தியானத்திலிருந்து மாடிப்படியில், கழிப்பறையில், தண்ணீர்க் குழாயடியில் அவளை வேண்டுமென்றே இடித்துவிட்டு, "கண்ணு தெரியலையா?" என்று கேட்பதே எல்லோருக்கும் விளையாட்டாகிவிட்டது. நேற்று அவள் பள்ளிக்கே வரவில்லை.

அண்ணன் மகள் வரைதாளைப் பிரித்து, நாலு மூலைக்கும் அத்தையின் பேனாக்களையும் பசைப் புட்டியையும் வைத்து அழுத்தினாள். கீழே ஓடும் இயந்திரத்தின் அதிர்வில் பேனாக்கள் மெல்ல நகர்ந்தன. ஒரு பெரிய சூரியன். அதன் கீழே, எழுத்துக்கு எழுத்து அளவெடுத்து வரைந்தது போல, 'மாரா – ஒளி'. மொழிக்காக ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

"அம்மா சொன்னாங்க ஒளின்னு. என்ன மொழின்னு கேட்டா, அது அத்தைக்குத்தான் தெரியும்னுட்டாங்க. சும்மா போன்ல தேடிப் பாத்தேன். அதுல வேற போட்டிருக்கு."

அத்தை சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"என்ன போட்டிருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"என்ன போட்டிருக்கு?"

"கசப்பு."

இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட காட்டினேன். சிரிக்கிறாங்க. போனுக்கு என்னடி தெரியும், உங்க அத்தை வாயால சொன்னா அது அச்சுல ஏறின மாதிரி, போய் அவ புத்தகத்தைப் பாருன்னாங்க. பாத்தேன்."

அந்த நாளை அத்தை மறந்ததே இல்லை. அண்ணிக்கு அப்போது எட்டாவது மாதம். அத்தைக்கு ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. கலைந்தது பெண் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணி மூச்சு வாங்கப் படியேறி வந்து இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். "பொண்ணு பொறந்தா வைக்க ஒரு பேரு பாத்துக் குடு. யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்" என்றாள். ஆறுதல் சொன்னால் இவள் அழுதுவிடுவாளோ என்று பயந்து, எதுவும் நடக்காதது போலப் பேசினாள். அத்தை பெயர்களைச் சேர்த்துவந்த குறிப்பேட்டை அண்ணியே இழுத்துப் புரட்டினாள். எபிரேயப் பெயர்கள் எழுதிய பக்கத்தில் நின்றாள். அங்கே பெயர்கள் மட்டும்தான் இருந்தன. பொருள் வேறு ஏட்டில். விரல் போய் நின்றது லியோராவின் மேல்.

எனக்கு ஒளி. அதுதான் அதன் பொருள். வயிற்றில் முதல் அசைவு தெரிந்த அன்று, புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் அத்தை தன் பிள்ளைக்கென்று எடுத்து வைத்த பெயர்.

இது என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தால் எதைச் சொல்லி முடிப்பது? பிள்ளை இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது என்றா? "அது வேண்டாம் அண்ணி, கசப்புன்னு அர்த்தம்" என்று நாக்கு தானாகச் சொன்னது. "அப்போ இது?" என்று அண்ணியின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. கசப்பு உண்மையில் அங்கேதான் இருந்தது. "அதுவா? அது ஒளி" என்றாள். அண்ணி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "மாரா. மாறாதவள் மாதிரியும் இருக்குல்ல? நல்லாருக்குடி" என்று இவள் கன்னத்தைத் தட்டினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இந்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு நாள் போனது. அண்ணிக்கு நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. குழந்தை பிறந்த மறுநாள் மருத்துவமனை வாசலில் அண்ணன் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தான். "பதிஞ்சாச்சு. நீ குடுத்த பேருதான்."

புத்தகம் அச்சேறியபோது அந்த வரிக்கு வந்து மூன்று நாள் நின்றாள். பொய்யை அச்சில் ஏற்றக் கை வரவில்லை. உண்மையை ஏற்றவும் வரவில்லை. இரண்டு பெயர்களையுமே எடுத்துவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தார். கையில் மையும் முகத்தில் அவசரமுமாக எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவர்.

"அம்மா, மா வரிசை முடிஞ்சுதா? கீழ மிஷின்காரன் கழுத்துல கத்தி வைக்கிறான்." வரைதாளைப் பார்த்தார், விரித்த புத்தகத்தைப் பார்த்தார். "என்ன பஞ்சாயத்து?"

"என் பேரு புத்தகத்துல இல்ல அங்கிள்."

"அட, இவ்வளவுதானா! புரூஃப் உங்க அத்தை கையில, பேனாவும் அவங்க கையில. பக்கத்து அடியில ரெண்டு வரி காலியா கெடக்கு. ஒளின்னு போட்டுக் குடுங்கம்மா. திங்கக்கிழமை காலையில சூடா ஒரு புத்தகம், பாப்பா எடுத்துட்டுப் போகட்டும்." சிரித்தார். "பேருக்கு அர்த்தம் நாம போட்டதுதான? எவன் வந்து கேக்கப் போறான்?"

"பத்து நிமிஷம் குடுங்க" என்றாள் அத்தை.

அவர் போனதும் அறை சின்னதானது போலிருந்தது. எவனும் வந்து கேட்கப் போவதில்லை. அவர் சொன்னது சரிதான். புத்தகத்தில் இருந்தால் ஆசிரியை தலையாட்டுவார். சூரியன் சூரியனாகவே இருக்கும். நான்கு எழுத்துகூட இல்லை. ஒளி, இரண்டே எழுத்து. அத்தை பக்கத்தை இழுத்தாள். ஓரத்தில் செருகல் குறி போட்டாள். 'மாரா' என்று எழுதினாள். 'எபிரேயம்' என்று எழுதினாள். பிறகு பேனா நின்றது.

"நீங்க என்னை ஒரு தடவைகூடப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல அத்தை," என்றாள் அவள். "கண்ணு, பாப்பா, ராசாத்தி. எல்லாம் சொல்லுவீங்க. நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். ஒரு தடவைகூட இல்ல."

பேனா மை தாளில் ஒரு புள்ளியாக ஊறியது. அத்தை எழுதினாள். 'கசப்பு.'

எழுதியதை அவள் பக்கமாகத் திருப்பவில்லை, மறைக்கவும் இல்லை. அண்ணன் மகள் கழுத்தைச் சாய்த்துப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப அம்மாகிட்ட ஏன் ஒளின்னு சொன்னீங்க?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி மருந்துக்கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். கடையில் போடும் வெள்ளை அங்கியை மடித்துக் கையில் போட்டிருந்தாள். "என்ன, ரெண்டு பேரும் இஞ்சி தின்ன மாதிரி நிக்கிறீங்க? கெடச்சுதா அர்த்தம்?" என்றபடியே மேசையருகே வந்தாள். நாள் முழுக்க மருத்துவர்களின் கிறுக்கலைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண். புரூஃபின் ஓரத்திலிருந்த சிவப்பு எழுத்தைப் படிக்க அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

"கசப்பா?"

"அப்ப நீதான் தப்பா சொல்லிட்டியா? அன்னிக்கு?" அண்ணி நாற்காலியை இழுத்தாள், உட்காரவில்லை. "சரி விடு. அப்போ நீ இருந்த நெலமைல வாய் தவறியிருக்கும். மனுஷிதானே. எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

திறந்தே வைத்த கதவு மாதிரி அது. தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

"வாய் தவறல அண்ணி. தெரிஞ்சேதான் சொன்னேன்."

கீழே இயந்திரம் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் தெருவில் யாரோ யாருக்கோ வழி சொல்வது தெளிவாகக் கேட்டது.

"நீங்க முதல்ல விரல் வச்சீங்களே, லியோரா. ஒளி அதுக்குத்தான். அதை நான் என் பொண்ணுக்குன்னு வச்சிருந்தேன்."

"அது பொறக்கவே இல்லியே," என்றாள் அண்ணி. சொன்ன கையோடு அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய துணிக்குப் பின்னாலிருந்தே மறுபடி பேசினாள். "இது என்னுது அண்ணின்னு ஒரு வார்த்தை. விட்டுக் குடுத்திருக்க மாட்டேனா நான்?"

"சொல்ல வாய் வரல."

"கசப்புன்னு சொல்ல மட்டும் வந்துச்சு."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் பதினான்கு வருடமாகத் தயாராகத்தான் வைத்திருந்தாள். இப்போது அதை எடுத்தால், அதுவும் தன் பாரத்தை இறக்கிவைக்கத்தான் என்று தோன்றியது. எடுக்கவில்லை.

"அந்த ஆஸ்பத்திரியில," அண்ணியின் குரல் மெதுவாக வந்தது, "இவளை முதல்ல என் கையில குடுத்தப்போ நான் சொன்ன முதல் வார்த்தை இவ பேருதான். நீ பக்கத்துல நின்னுட்டிருந்த. தண்ணி ஊத்திக் குடுத்த எனக்கு."

அண்ணன் மகள் வரைதாளின் மூலைகளிலிருந்து பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தாள் தானாகச் சுருண்டது. அதே சமயம் முதலாளி உள்ளே வந்து கையை நீட்டினார். மூன்று முகங்களையும் பார்த்தவர் நீட்டிய கையை இறக்கவும் தெரியாமல் நின்றார். அத்தை பக்கத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு கோடு இழுத்து அந்த வரியை அடித்துவிட்டால் போதும். எதுவும் இல்லாதது போலப் பக்கம் கீழே போய்விடும்.

"அடிக்காதீங்க," என்றாள் பெண். பிறகு முதலாளியைப் பார்த்து, "திங்கக்கிழமை காலையில ஒண்ணு எனக்கு வேணும் அங்கிள். எட்டு மணிக்கு வருவேன்."

"என்னடி பேசுற?" அண்ணி அவள் தோளைப் பிடித்தாள். "அத்தனை பேரு முன்னாடி எழுந்திரிச்சு இதைப் போய்ச் சொல்லப் போறியா? அந்தப் பொண்ணு என்ன ஆனா, பாத்தல்ல?"

"பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தோளிலிருந்த கையைத் தட்டிவிடவில்லை. கை தானாக விலகும் வரை நின்றாள். முதலாளி பக்கத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அத்தை அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம், இப்போதாவது, என்று தொண்டை வரை வந்தது. ஆனால் அண்ணி எதிரில் நிற்கும்போது அந்தப் பெயரை வாயில் எடுக்க எனக்கு என்ன உரிமை என்று நின்றுவிட்டாள்.

அண்ணி போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளை அங்கியின் கை ஒன்று தரையில் இழுபட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெண் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். "வரேன் அத்தை" என்று வழக்கம்போலச் சொன்னாளா இல்லையா என்பது, மறுபடி ஓடத் தொடங்கிய இயந்திரத்தின் சத்தத்தில் கேட்கவில்லை.

அத்தை சன்னலருகே போனாள். ஒடுங்கிய தெரு. எதிர்ப்பக்கத்தில் ஸ்கூட்டரை நிமிர்த்தி, சாவியைப் போட்டு, அண்ணி திரும்பி அச்சக வாசலைப் பார்த்தாள். மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். ஒரு பாரவண்டி குறுக்கே மெதுவாகப் போனது. அது போன பிறகும் மகள் நகரவில்லை. தெருவைக் கடக்க அம்மா கூப்பிடட்டும் என்று காத்திருந்தவள் போல, வரைதாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி கூப்பிடுவதற்காகத் தலையை நிமிர்த்தினாள். மா என்று தொடங்க உதடுகள் ஒன்று சேர்ந்தன. சேர்ந்தபடியே இருந்தன. இன்னொரு வண்டி வந்தது.