கீரை வடித்த தண்ணீர்

தர்மபுரி ஆஸ்பத்திரியில் மாதுவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோதே அவன் மனைவி சுகுணாவிடம் டாக்டர் சொல்லியிருந்தார். முருங்கைக்கீரை மற்றவர்களுக்கு நல்லது; ஆனால் அதிலுள்ள பொட்டாசியத்தைக் கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாது, இதயமே நின்றுவிடும். ஆசைப்பட்டால் எப்போதாவது கொஞ்சம், நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மாரண்டஹள்ளிப் பக்கம் கீரை வடித்த தண்ணீரை யாரும் கொட்டுவதில்லை. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுச் சாறு வைத்து, களிக்கு ஊற்றிக்கொள்வார்கள். மாதுவின் அம்மா ராணியம்மாளுக்கு மருமகள் செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“சத்தெல்லாம் சாக்கடைக்கு, சக்கை எம்மவனுக்கா?”

“அந்தத் தண்ணிதாங்க அத்தை அவருக்கு ஆகாது. டாக்டரு சொல்லித்தான் செய்யறேன்.”

“உன்னைப் பெத்துட்டு உங்காத்தா எதைக் குடிச்சு எந்திரிச்சான்னு அந்த டாக்டரைக் கேளு.”

“ரெண்டு பேரும் சண்ட போட்டே என் பிரஷரை ஏத்துங்க,” என்று மாது சிரிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகுணா பாலக்கோட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கீரை அடுப்பில் இருந்தது.

“பஸ்ஸு போயிரும், நீ போ. நான் வடிச்சுக் கொட்டிக்கறேன்,” என்றாள் ராணியம்மாள். அத்தை மனம் இளகிவிட்டதென்று சுகுணா வழியெல்லாம் மகிழ்ந்தாள்.

மறுநாள் விடிகாலையில் மாதுவுக்குக் கையும் காலும் துவண்டன. ஆம்புலன்ஸில் சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னான்.

“அம்மா சாறு வெச்சுக் குடுத்துச்சு. ரெண்டு வேளையும் குடிச்சேன். வேண்டான்னு சொல்ல மனசு வரல. அதுகிட்ட எதுவும் சொல்லிராத.”

தர்மபுரி போய்ச் சேருமுன் மூச்சு நின்றது.

வீடு நிறைய ஆட்கள். ராணியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “சத்தெல்லாம் வடிச்சு வடிச்சுக் கொட்டியே எம்மவனைக் கொன்னுட்டா.”

பெண்கள் சுகுணாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்தான். வேண்டாம் என்று தலையசைத்தாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பழி போய்விடும். ஆனால் அது எங்கே போய் விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

“கடைசியா என் கையால சாறாவது குடிச்சுட்டுப் போனான்,” என்று ராணியம்மாள் விம்மினாள்.

சுகுணா அருகில் போய் உட்கார்ந்தாள்.

“ஆமாங்க அத்தை. நல்லா இருந்துச்சுன்னு சொன்னாருங்க.”

“நீ ஒரு நாளாச்சும் வெச்சுக் குடுத்தியாடி?”

“இல்லைங்க.”

ராணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடவுளுக்குத் தெரியும் என்பதைத் தவிர சுகுணாவுக்கு வேறு துணையில்லை. கிழவியின் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துவிட்டாள்.