நடுக்கடலில் ஒரு சலூன்

பேதுருவைப் பொய்காரன் எண்டு ஆரும் சொல்லேலாது. வீட்டிலை, கோவிலிலை, சந்தையிலை அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் அந்த வாயிலை உண்மை வராது. வடக்காலை சுண்டிக்குளம் பக்கம் போய் வந்த நாளிலை தெற்காலை கொக்கிளாய்ப் பக்கம் போனனான் எண்டுவார். போட் நிறைய விளைமீன் கிடக்கேக்கை, ஏதோ கறிக்குக் காணும் எண்டுவார். முல்லைத்தீவுக் கரையிலை போட் வைச்சிருக்கிற எல்லாச் சம்மாட்டியும் உப்பிடித்தான். எண்டாலும் பேதுரு ஒரு படி மேலை. "கடைசி நாளிலை ஆண்டவர் எங்காலை வாறாய் எண்டு கேட்டாலும் இந்த மனுசன் தெற்காலை எண்டுதான் சொல்லும்" எண்டு மனுசி யூலிற்றாவே சொல்லுவா.

எல்லாம் கல்லுக்காகத்தான். கடலுக்கடியிலை கல்லுக் கிடக்கிற இடத்திலைதான் மீன் நிக்கும். கல்லை அறிஞ்சவனுக்குச் சோறு, அறியாதவனுக்குத் தண்ணி. கரை தெரியிற தூரத்துக் கல்லுகளைப் பேதுரு கோவில் கோபுரத்தையும் பனையளையும் வைச்சுக் கண்ணாலையே பிடிப்பார். கரை மறைஞ்ச பிறகு இருக்கிறது ஒன்பது கல்லு. முப்பது வருசத்திலை தேடிக் கண்டது. அந்த ஒன்பதுக்கும் போனிலை இருக்கிற மப் எண்ட வரைபடம்தான் கண். அதிலை ஒவ்வொரு கல்லையும் குத்தி வைச்சு, ஆரும் எட்டிப் பாத்தாலும் விளங்கக் கூடாதெண்டு கடைப் பேர்களும் போட்டிருந்தார்: சலூன், தையல்கடை, சைக்கிள்கடை, பேக்கரி. நடுக்கடலிலை சலூன் என்னத்துக்கெண்டு ஆராவது கேப்பினமெண்டு அவர் யோசிக்கேல்லை.

இப்ப அந்தப் போனுக்கு வயசு போட்டுது. ரெண்டு தரம் கடலிலை விழுந்து எழும்பின போன், சாகாது. ஆனால் மப் திறக்கச் சொன்னால் நிண்டு யோசிக்குது. பிறகு, இந்தப் போனுக்கு இனி நான் சரிவராது எண்டு ஏதோ எழுதிக் காட்டுது. செய்த கொம்பனி கைவிட்ட போனுக்கும் வேறை ஆக்கள் செய்து வைச்ச புது மென்பொருள் போடலாமாம், போட்டால் இன்னும் நாலைஞ்சு வருசம் ஓடுமாம் எண்டு கேள்விப்பட்டார். ஆனால் அதுக்கு முதல் உள்ளுக்கை இருக்கிறதெல்லாத்தையும் துடைக்கோணும். துடைக்கிறவன் பாப்பான். பாத்தால் கல்லுப் போச்சு.

கரையிலை இருக்கிற போன்கடைக்காரர் எல்லாருக்கும் அண்ணனோ மச்சானோ கடலுக்குப் போறவன். ஆகக் கூடின பயம் சொந்த அக்காவின்ரை மகன் கொலின்ஸிலைதான். பொடியன் கெட்டிக்காரன். அஞ்சாறு வருசமாப் பேதுரு எந்தக் கல்லுக்குப் போனாலும் ஒண்டில் அவன் முன்னுக்கு நிப்பான், இல்லாட்டி வந்திட்டுப் போயிருப்பான். அந்தோனியார் கனவிலை வந்து காட்டுறார் எண்டு கொலின்ஸ் சொல்ல, கரை முழுக்க அதை நம்பிச்சுது. பேதுருவும் நம்பினார். நம்பினதோடை நிக்காமல், எனக்கும் ஒருக்கால் காட்டுமையா எண்டு செவ்வாய்க்குச் செவ்வாய் மெழுகுதிரியும் கொளுத்தினார்.

அதாலைதான் ஒரு புதன்கிழமை போனைச் சேட்டுப் பொக்கற்றுக்கை போட்டு ஊசி குத்திக்கொண்டு, ஒட்டுசுட்டானுக்கு பஸ் ஏறினார். நெல்லு விதைக்கிற ஊர். யானைக்குப் பயந்து படுக்கிற சனம். கல்லுக் களவெடுக்க அங்கை ஆர் இருக்கினம்?

ஒட்டுசுட்டானிலை பஸ் நிக்கிற இடத்துக்கு முன்னாலை வினோஜாவின்ரை போன்கடை. வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயசிருக்கும். கண்ணாடியை நெத்தியிலை தூக்கி வைச்சுக்கொண்டு ஆரின்ரையோ போனுக்கு பற்றரி மாத்திக்கொண்டிருந்தாள். அந்த ஆர், பக்கத்துக் கதிரையிலை இருந்த நடராசா. வயல்லை இருந்து நேரை வந்தவர், காலிலை சேறு காயேல்லை.

"துடைக்கிறது பெரிய வேலை இல்லை ஐயா" எண்டாள் வினோஜா. "துடைக்க முதல் மூண்டு வேலை இருக்கு. உங்களுக்கு வேணுமெண்டதை வெளியாலை ஒரு கொப்பி எடுத்து வைக்கோணும். எடுத்த கொப்பி சரியோ எண்டு பாக்கோணும். போனிலை இருக்கிற எக்கவுண்டைக் கழட்டோணும், இல்லாட்டி துடைச்ச பிறகும் அது பழைய ஆளைக் கேட்டுக்கொண்டு நிக்கும்."

"துடைச்ச பிறகு ஆரும் தோண்டி எடுப்பினமோ?"

"ஏலாது. உள்ளுக்கை எல்லாம் பூட்டித்தான் கிடக்கு. துடைக்கேக்கை அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பையே அழிச்சுப் போடும். பிறகு தோண்டினாலும் குப்பைதான்."

பேதுருவுக்கு அது நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. திறப்பைக் கடலிலை எறிஞ்ச மாதிரி எண்டு நினைச்சு, ஊசியைக் கழட்டிப் போனைக் குடுத்தார்.

வினோஜா மப்பைத் திறந்தாள். திறக்க அஞ்சு நிமிசம் எடுத்துது. கண்ணாடியை நெத்தியிலை இருந்து இறக்கி விட்டாள்.

"ஐயா, நடுக்கடலிலை சலூனோ?"

"ஓம்" எண்டார் பேதுரு. வேறை என்ன சொல்லுறது.

"பேக்கரியும் இருக்குது" எண்டு நடராசா எட்டிப் பாத்துச் சொன்னார். பேதுரு கதிரையைத் திருப்பிப் போட்டு அந்தாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

வினோஜா வேறை எங்கையோ அமத்தினாள். "இந்த எக்கவுண்ட் கொலின்ஸ் எண்டு கிடக்குது. அது உங்கடை பேரோ?"

பேதுருவுக்கு உடனை விளங்கேல்லை. போன் வாங்கின நேரம் அதைத் தொடக்கித் தந்தவன் கொலின்ஸ்தான். ஏதோ பேர் கேக்குது மாமா, என்ரையைப் போட்டு விடுறன், பிறகு மாத்துவம் எண்டவன். பிறகு ஆர் மாத்தினது?

"அவன்ரை பேர் கிடந்தால் என்ன?"

"ஒண்டுமில்லை. நீங்கள் இதிலை குத்துற இடமெல்லாம் அவற்ரை போனிலையும் விழும். சிக்னல் உள்ள இடத்துக்கு வந்த உடனை."

பேதுரு ஆறு வருசத்தை மனசுக்குள்ளை ஓட்டிப் பாத்தார். கல்லைக் குத்தி வைச்சுக் கரைக்கு வந்த ஒவ்வொரு நாளும், அதுக்கு அடுத்த நாள் அவன் அங்கை நிண்ட நிலையும். அந்தோனியாருக்குக் கொளுத்தின மெழுகுதிரியும் ஞாபகம் வந்துது. அதுதான் ஆகக் கூட எரிஞ்சுது. வேலி பயிரை மேயிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறார். இது பயிரே எழும்பி மாட்டின்ரை வாய்க்குள்ளை போன கதை. அக்காவின்ரை பிள்ளை எண்டு தூக்கி வளர்த்த பொடியன். கோவம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ரெண்டும் ஒண்டோடை ஒண்டு முட்டுப்பட்டு, கடைசியிலை ஒரு சிரிப்பாத்தான் வெளியாலை வந்துது. அந்தச் சிரிப்பை யூலிற்றா கண்டிருந்தால் கையைப் பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு போயிருப்பா.

"பிள்ளை, அவன்ரை பேரைக் கழட்ட முதல், இந்த ஒன்பது கடையையும் தெற்காலை கொக்கிளாய்ப் பக்கம் தள்ளி வைக்கேலுமே?"

"ஏலும். அவற்ரை போனிலையும் தள்ளுப்படும்." வினோஜா அவரை ஏற இறங்கப் பாத்தாள். அவளுக்கும் வாயோரத்திலை சிரிப்பு. "ஆனால் முதல் சரியானதை ஒரு கொப்பி எடுப்பம். என்ரை கொம்பியூட்டரிலை வைக்கட்டே?"

"வேண்டாம். உந்தக் கொப்பி எடுக்கிற சாமானாலைதான் நான் கெட்டது. கடுதாசியிலை எழுதுறன்."

பொக்கற்றிலை கிடந்த திருவிழா நோட்டீஸின்ரை முதுகிலை எழுதத் தொடங்கினார். ஒரு கல்லுக்கு ரெண்டு வரி இலக்கம். ஒரு இலக்கம் பிசகினால் கல்லுக் கால் மைல் தள்ளிப் போயிடும். முதல் கல்லை எழுதேக்கை தோளுக்கு மேலாலை மூச்சு விழுந்துது.

"லொத்தர்ச் சீட்டு இலக்கமோ?" எண்டார் நடராசா.

அந்த மனுசனுக்குக் கடல் எண்டால் தொலைக்காட்சியிலை கண்டதுதான். ஆனால் பேதுருவின்ரை கைக்கு அது தெரியாதே. முப்பது வருசமாப் பக்கத்திலை ஒருத்தன் நிண்டால் பொய் சொல்லிப் பழகின கை. அது தன்ரை பாட்டிலை மூண்டை ஆறாக்கிச்சுது, அஞ்சை எட்டாக்கிச்சுது. அடுத்த கல்லுக்குக் கூட்டாமல் கழிச்சுது. அதுக்கடுத்ததுக்கு வரியையே மாத்திப் போட்டுது. என்னென்ன மாத்தினதெண்டு எனக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சுக்கொண்டு பேதுரு ஒன்பதையும் எழுதி முடிச்சு, நோட்டீஸை நாலா மடிச்சார்.

"ஒண்டை வாசியுங்கோ ஐயா, போனோடை ஒத்துப் பாப்பம்" எண்டாள் வினோஜா.

"தேவையில்லை."

"ஒத்துப் பாக்காத கொப்பி கொப்பியே இல்லை. துடைச்சால் திரும்பி வராது."

"பிள்ளை, நான் எழுதினது எனக்குத் தெரியாதே? நீர் துடையும்."

அவள் தோளைக் குலுக்கிப்போட்டு, சலூனையும் பேக்கரியையும் தெற்காலை அனுப்பினாள். கொலின்ஸின்ரை பேரைக் கழட்டினாள். சிம்மையும் சிப்பையும் வெளியாலை எடுத்து மேசையிலை வைச்சாள். கடைசியா ஒருக்கால் கேட்டாள், துடைக்கட்டே எண்டு. பேதுரு தலையாட்டினார். பின்னேரம் நாலு மணிக்கு, பேதுருவின்ரை பேரிலை எக்கவுண்ட் போட்ட புதுப் போன் மாதிரி ஒண்டு கைக்கு வந்துது. மப் சொடக்குப் போட முதல் திறந்துது. அதுக்குள்ளை ஒரு கடையும் இல்லை. பஸ்ஸிலை வரேக்கை, கொக்கிளாய்ப் பக்கம் வெறும் மண்ணிலை தூண்டில் போட்டுக்கொண்டு நிக்கிற கொலின்ஸை நினைச்சு நினைச்சுச் சிரிச்சார். பக்கத்திலை இருந்த மனுசி எழும்பிப் போய் வேறை சீற்றிலை இருந்தா.

வியாழக்கிழமை விடிய, நோட்டீஸைப் பாத்து ஒன்பது கல்லையும் போனிலை குத்திக்கொண்டு கடலுக்கு வெளிக்கிட்டார். சலூன் எண்ட இடத்துக்குப் போய், கயித்திலை கட்டின ஈயத்தை அடிமட்டும் இறக்கினார். அடியிலை வெறும் மண். அப்பதான் கூட்டினது ஞாபகம் வந்துது. மூண்டு கூட்டினதோ, ரெண்டோ? மேல் வரியிலையோ, கீழ் வரியிலையோ? கழிச்சுப் பாத்தார், மண். கூட்டிப் பாத்தார், அதுவும் மண். தையல்கடைக்குப் போனார். எண்ணெய்தான் முடிஞ்சுது.

நாலு நாள் உப்பிடியே போச்சு. நோட்டீஸைத் தலைகீழாப் பிடிச்சும் பாத்தார். கறிக்கு மீன் இல்லாமல் யூலிற்றா கருவாடு பொரிச்சா. "ஆர் உங்கடை கல்லைக் களவெடுத்தது?" எண்டு அவா கேக்க, பேதுரு கருவாட்டைக் கிள்ளிக்கொண்டு இருந்தார். களவெடுத்தது தன்ரை கைதான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? முப்பது வருசம் ஒருத்தருக்கும் காட்டாமல் பொத்தி வைச்ச கல்லு. இப்ப அது தனக்கும் தெரியாது. அந்த நாலு நாளும் கொலின்ஸின்ரை போட் மட்டும் நிறைஞ்சு வந்துது. அதுதான் ஆகக் கூடின வயித்தெரிச்சல்.

அஞ்சாம் நாள் பின்னேரம், கடற்கரை வாடிக் கொட்டிலுக்குள்ளை வந்து கொலின்ஸ் பக்கத்திலை குந்தினான்.

"மாமா, புதன்கிழமை பின்னேரம் சலூன், தையல்கடை, பேக்கரி எல்லாம் என்ரை போனிலை தெற்காலை போட்டுது. நாங்கள்தான் இடம்பெயர்ந்தனாங்கள் எண்டால், கல்லுமோ?"

பேதுரு கடலைப் பாத்துக்கொண்டு இருந்தார். "ஆறு வருசம் அந்தோனியார் எண்டு சொன்னியேடா."

"நான் கேட்டனானே மாமா? அதுகளாத்தான் வந்து போனிலை விழுந்ததுகள்." பிறகு குரலைத் தணிச்சான். "பிழைதான். முதல் நாளே சொல்லியிருக்கோணும்."

"அப்ப நீ எப்பிடி நாலு நாளும் மீனோடை வந்தனி?"

"போட்டிலை பூட்டியிருக்கிற ஜீபிஎஸ்ஸிலை அப்பவே ஏத்திப் போட்டன். சரியோ எண்டு ஒவ்வொண்டாப் போய் ஒத்தும் பாத்தனான்."

ஒத்துப் பாக்காத கொப்பி கொப்பியே இல்லை எண்டு வினோஜா சொன்னது பேதுருவின்ரை காதிலை திரும்பவும் கேட்டுது. அவள் சொன்னபடி நடந்தவன் உலகத்திலை ஒருத்தன்தான் இருந்தான். அவன் கள்ளன்.

கேக்கக் கூடாதெண்டுதான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். வயிறு கேட்டுது. "சலூன் எவடத்திலையடா?"

"விடிய வெளிக்கிடுறன். பின்னாலை வாங்கோ" எண்டான் கொலின்ஸ்.

தன்ரை கல்லுக்கு மருமோனுக்குப் பின்னாலை போன முதல் சம்மாட்டி பேதுருவாத்தான் இருக்கும். வெக்கத்திலை தொப்பியை இழுத்து முகத்தை மறைச்சுக்கொண்டு போனார். சலூனிலை ஈயத்தை இறக்க, அது டொக்கெண்டு கல்லிலை பட்டுது. அந்தச் சத்தம் கயித்தாலை ஏறிக் கைக்கு வர, மனுசனுக்குக் கண் கலங்கிச்சுது. உடனை போனை எடுத்துக் குத்தினார். விரல் பழக்கத்திலை கொஞ்சம் தெற்காலை இழுத்துது. இழுத்த விரலுக்கு மற்றக் கையாலை ஒரு தட்டுத் தட்டி, திரும்பக் கொண்டு வந்து கல்லுக்கு நேரை வைச்சார்.

"சரியாக் குத்தினியளோ மாமா?" எண்டு மற்றப் போட்டிலை இருந்து கொலின்ஸ் கேட்டான்.

"ஒத்தும் பாத்திட்டன்."

மத்தியானம் ரெண்டு போட்டும் நிறையக் கலவாய் மீனோடை கரைக்கு வந்துது. நாலைஞ்சு சம்மாட்டிமார் ஓடி வந்து சுத்தி நிண்டு, எங்காலை எங்காலை எண்டு கேட்டினம்.

"கொக்கிளாய்ப் பக்கம்" எண்டான் கொலின்ஸ்.

"சுண்டிக்குளம் பக்கம்" எண்டார் பேதுரு.

கொலின்ஸுக்கு முகம் வெளிறிப் போச்சு. வந்த ஆக்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தினம், பிறகு தங்களுக்குள்ளை கண்ணைக் காட்டிக்கொண்டு கலைஞ்சு போச்சினம்.

"என்ன மாமா, உண்மையைச் சொல்லிப் போட்டியள்?"

"பயப்பிடாதை" எண்டு பேதுரு மீனை அள்ளத் தொடங்கினார். "சொன்னது நானெல்லே."

அடுத்த நாள் விடிய, கரையிலை நிண்ட அவ்வளவு போட்டும் கொக்கிளாய்ப் பக்கம் போச்சுது.