வாயாடிப் பெட்டி

"நாலு தடவை அழுத்தினேன்" என்று மாமனார் சொன்னதை அவருடைய மகளே நம்பவில்லை.

முந்தின நாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தவர், ஒரு மணி நேரம் ஈரத்தரையிலேயே உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் அழைப்புப் பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் கூரைக்குக் கூரை நிற்கும் ரேடியோ பெட்டிகள் அழைப்பைக் கைமாற்றி மருத்துவமனையில் சேர்க்கும். நர்ஸ் மேசையிலோ மணி அடிக்கவேயில்லை.

"அப்பாவுக்கு ஞாபகம் தப்புது. அஞ்சு மணிக்கு வண்டி வருது, முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்" என்று நாத்தனார் ஒரே பிடியாக நின்றாள்.

அந்தப் பெட்டிகளைப் பராமரிப்பவளே இந்த வீட்டு மருமகள்தான். அவள் திரையில் பெட்டிகளை இணைக்கும் எல்லாக் கோடும் பச்சை. அதற்காக மாமனாரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. செஸ்ஸில் தினமும் அவளை மண்ணைக் கவ்வ வைக்கிற மனிதர் பட்டனை மறப்பாராம், நல்ல கதை!

வீட்டுப் பெட்டியைச் சோதனைச் சேதி நூறு அனுப்பச் சொல்லிவிட்டு, ஏணியோடு தெருமுனையிலிருக்கும் சலவைக்கடை மாடிக்கு ஏறினாள். அங்கே இருக்கும் பெட்டிக்கு அலுவலகத்தில் 'வாயாடி' என்று பெயர். அதன் குரல் ஓங்கிக் கேட்பதால், சுற்றுவட்டாரப் பெட்டிகள் எல்லாம் தங்கள் சேதியை அதன் தலையில்தான் கட்டும்.

கேபிளைச் செருகிக் கணக்கைப் பார்த்தாள். வாயாடி பேசியதெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தது. வீடு அனுப்பிய நூறில் ஒன்றுகூட வாயாடியின் காதில் விழவில்லை. எந்தப் பெட்டி எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பதை மட்டும் பார்த்துத் திரை பச்சை காட்டியிருக்கிறது. அந்த விதியை எழுதியவளும் அவளேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெட்டிக்கு அடியில் புதுசாக ஒரு விளக்குப் பலகை.

"போன வாரம் மாட்டினேம்மா. ராத்திரி பகலா எரியுது. ஜொலிக்குதுல்ல?" என்றார் சலவைக்கடைக்காரர்.

"ஜொலிக்குது அண்ணே. அதோட அடாப்டர் போடுற இரைச்சல்லதான் பெட்டிக்குக் காது கேக்கல. கொஞ்சம் அணைங்க."

அவர் அரை மனதோடு அணைத்தார். அடுத்த நிமிடமே அவள் போன் அடித்தது. மருத்துவமனை நர்ஸ்.

"அக்கா, உங்க வீட்டு மணி ஒரேயடியா நாலு தடவை அடிக்குது! ஆனா நேரம் நேத்து காலைன்னு காட்டுது."

போக வழியில்லாமல் வீட்டுப் பெட்டியிலேயே தேங்கிக் கிடந்த அழைப்புகள்.

வாயாடியை மாடியின் மறுகோடிக்கு மாற்றிவிட்டுப் பலகையை எரியவிட்டாள். இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சேதி வந்தது. வீட்டுக்கு ஓடினாள். வாசலில் மாமனாரின் துணிப்பெட்டி கட்டி வைத்திருந்தது.

"அண்ணி, இதைக் கேளுங்க" என்று நர்ஸைத் திரும்ப அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

நர்ஸ் படித்தாள்: "எட்டு அஞ்சு, எட்டு இருபது, எட்டரை, எட்டே முக்கால்."

நாத்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்ப்பா" என்றவள், வண்டிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள்.

மருமகள் நடந்ததை விளக்கினாள். வாயாடிப் பெட்டியின் கதையைக் கேட்டு மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகளின் தலையைத் தடவிக்கொண்டே மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

"நம்ம வீட்டு வாயாடிக்கும் இன்னைக்குக் காது கேட்டுடுச்சும்மா. செஸ் போர்டை எடு."