சும்மா கிடைத்த காவல்

"சும்மா கெடைக்கிற காவலாளிய நம்பி யாராவது வீட்டுச் சாவியக் குடுப்பாங்களா?" என்று அண்ணன் அவளிடம் ஒருமுறை கேட்டிருந்தான். அதனாலேயே தன் கணினிக்காக மூன்று இலவச வைரஸ் தடுப்பு மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தும் அவளுக்குத் துணிவு வரவில்லை. ஆனால் வெளியூர் வேலைக்கு ரகசியமாகப் போட்ட மனு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது அவளுக்குப் புரியவே இல்லை. கடைசியில், தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே ஒன்றை இறக்கி ஓடவிட்டாள்.

அண்ணன் பின்னால் வந்து நின்றான். "என்னம்மா, திருடன் கெடைச்சானா?"

"இன்னும் பாதிதான் ஆகியிருக்குண்ணா."

"வெட்டி வேலை. நிறுத்து."

அதற்குள் திரை சிவந்தது. தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் வேவு பார்க்கும் நிரல் ஒன்று பிடிபட்டிருந்தது. அது உள்ளே நுழைந்த தேதியும் இருந்தது. அன்றுதான் அண்ணன், கணினியைச் சரிபண்ணித் தருகிறேன் என்று அரைநாள் உட்கார்ந்திருந்தான்.

"இத யாருண்ணா வச்சது?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.