கழற்றாத பலகை

பூச்செடி வளரும் ஷெட்டுகளின் வாசலில் தொங்கிய அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத விருந்தாளி அந்தப் பூப்பண்ணைக்கு வந்ததில்லை. கெட்டித் தகட்டில், மஞ்சள் பின்னணியில், சிவப்பு எழுத்து: ‘மருந்து அடிக்கப்பட்டுள்ளது. உள்ளே வராதீர்.’ கீழே ஒரு மண்டையோடு. வரைந்தவனுக்குக் கொஞ்சம் தாராளமான கை, மண்டையோடு லேசாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குக் கீழேதான் பண்ணையே தினமும் வேலைக்குப் போய் வந்தது.

பலகையை மாட்டியவர் மேலாளர். வேலையாட்கள் நேரில் அவரை ‘சார்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘சட்டம்’. “சட்டம் வருது, கையுறையைப் போடு” என்று ஒரு குரல் வந்தால் ஷெட்டே ஒழுங்காகிவிடும். பூச்சிமருந்துப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து அவர் நடையே மாறியிருந்தது. அளவு மீறக் கூடாது, மருந்து அறை பூட்டியிருக்க வேண்டும், காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று டீ குடிக்கும்போதும் வாயில் விதிதான்.

மருந்து அடித்தால் பலகை மாட்ட வேண்டும், உள்ளே போகலாம் என்ற நேரம் வந்ததும் கழற்ற வேண்டும். இந்த விதியின் முதல் பாதி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் பாதி கஞ்சத்தனமாகப் பட்டது.

“மாட்டுறது, கழட்டுறது, மறக்குறது, எதுக்கு வம்பு? சட்டம் ஒரு நாள் கேக்குது. நாம வருஷம் பூரா குடுப்போம்” என்று முதலாளியிடம் சொல்லி, நாலு மூலையிலும் போல்ட் முறுக்கி, போல்ட்டுக்கு மேலேயே பெயிண்டும் அடிக்க வைத்தார். முதலாளி பூரித்துப்போனார்.

உண்மையில் மருந்தடித்த சேதி வாய்வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அடிப்பார்கள். காலையில் மருந்தடிப்பவர் வந்து, “இன்னிக்கு கடைசி ஷெட் வேணாம்” என்பார். அவ்வளவுதான். பலகை தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்.

பூ வெட்டும் பெண்களில் ஒருவர் சட்டத்தின் சொந்த அண்ணி. அண்ணிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் சட்டம்தான். அண்ணிக்கு அவர் பண்ணைக்குள் ‘சார்’, கேட்டைத் தாண்டினால் ‘தம்பி’. அண்ணி தன் சாப்பாட்டுப் பையைப் பலகையின் கீழ்ப் போல்ட் ஒன்றில்தான் மாட்டுவார். “இங்க என் சோத்துல கை வைக்காத ஆளு இந்த மண்டையோடு ஒண்ணுதான்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், சட்டம் உட்பட.

ஒரு பெரிய ஆர்டர் வந்த சமயம் பார்த்து இலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் சிலந்திப்பூச்சி வலை பின்னிவிட்டது. சாயங்காலம்வரை காத்திருக்க முதலாளிக்குப் பொறுமையில்லை. விடியலிலேயே அடித்துவிட்டு, முகமூடியைக் கழற்றியபடி மருந்தடிப்பவர் மேலாளரிடம் வந்தார்.

“சார், முதல் ஷெட் முடிஞ்சது. இன்னிக்கு யாரும் உள்ள போகக் கூடாது. வெட்டுற பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் குளிக்கணும்.”

மேலாளர் போனில் யாரோ ஒரு விருந்தாளியைப் பண்ணை பார்க்க அழைத்துக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்தி, “போர்டு இருக்குல்ல?” என்றார்.

“அது எப்பவும் இருக்கே சார்.”

“அப்புறம் என்ன? போய்க் குளி.”

அண்ணி வழக்கம்போலப் பையைப் போல்ட்டில் மாட்டிவிட்டு, கத்தரியோடு எல்லோருக்கும் முன்னால் உள்ளே போனார். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வாயில் எச்சில் வழிந்தது, உடம்பு வேர்வையில் நனைந்திருந்தது, கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மருந்து என்று கேட்டதும் மேலாளர் பெயர், வீரியம், கலந்த அளவு எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பித்தார். டாக்டரே அசந்துபோனார். “இவ்வளவு தெரிஞ்சிருந்துமா உள்ள விட்டீங்க?”

மேலாளர் கலந்த அளவை மறுபடி ஒருமுறை சொன்னார்.

அண்ணி பிழைத்துக்கொண்டார். தெளிவாகப் பேச வந்ததும் முதலில் கேட்டது, “தம்பி, என்னால உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே? போர்டு இருந்துச்சு. நான்தான் கவனிக்கல.”

பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அண்ணன், “எவ்வளவு பெரிய போர்டு! கண்ணு எங்க போச்சு இவளுக்கு?” என்று மனைவியைக் கடிந்துகொண்டார். உரித்த சுளையில் ஒன்றைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கிக்கொண்டார். வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

முதலாளிக்கு அப்படி எந்தச் சங்கடமும் இல்லை. “கவலைய விடு. போர்டு நம்மளக் காப்பாத்திடுச்சு. எச்சரிக்கைய மீறி உள்ள போனது அந்தம்மா. அதிகாரி வந்து பாத்துட்டுப் போனதும் வேலைய விட்டு நிறுத்திடலாம். உன் அண்ணிதான், எனக்கும் வருத்தம்தான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே.”

“இருக்கு” என்றார் சட்டம்.

விசாரிக்க வந்த அதிகாரி, செருப்பில் சேறு அப்பியதைப் பற்றிக் கவலைப்படாத ஒரு அம்மா. அண்ணியையும் வரச் சொல்லியிருந்தார். கவிழ்த்துப் போட்ட பூ வாளியின் மேல் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

“நீங்க உள்ள போனப்ப போர்டு இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா. என் மேலதான் தப்பு.”

முதலாளி துக்க வீட்டில் அசைப்பதுபோல மெல்லத் தலையை அசைத்தார். அதிகாரி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு அடிச்ச மருந்துக்கு நேரம் முடிஞ்சிருச்சா?”

“அது எப்பவோ முடிஞ்சுதுங்க” என்றார் முதலாளி.

“அப்ப போர்டு ஏன் இன்னும் தொங்குது? கழட்டுங்க.”

“மறந்திருப்பாங்க. கழட்டுப்பா.”

யாரோ ஓடிப்போய் ஸ்பேனர் கொண்டுவந்தார்கள். மேலாளர் அதை வாங்கிக்கொண்டு பலகையிடம் போனார். மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கண்டிப்போடு போய்விடும். மூன்று போல்ட்டுகள் பெயிண்டுக்குள் புதைந்து கிடந்தன. கீழ்ப் போல்ட் ஒன்றில் மட்டும் பெயிண்ட் இல்லை. அண்ணியின் சாப்பாட்டுப் பையின் காது தேய்த்துத் தேய்த்து அது பளபளவென்றிருந்தது.

“இது கழலாதும்மா” என்றார்.

“துருவா?”

“இல்லம்மா. கழட்டுறதுக்காக மாட்டல. மாட்டின நாள்லேருந்து இதுக்குக் கீழதான் எல்லாரும் போய் வர்றோம், நானும்தான். அன்னிக்கு மருந்தடிச்சத இவங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. அண்ணிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்.”

முதலாளி பதறிப்போய், “இவருக்குக் கொஞ்ச நாளாத் தூக்கம் இல்லம்மா, அதான் என்னமோ பேசுறாரு” என்றார்.

“அப்படியா? இப்பதான் முழிச்சிருக்காருன்னு நெனச்சேன்” என்றார் அதிகாரி.

பண்ணைக்கு அபராதம் விழுந்தது. அண்ணியின் வேலைக்கு ஆபத்தில்லை என்றாயிற்று. மேலாளரின் பதவி போயிற்று, ஆள் போகவில்லை. பலகையை மாட்டவும் கழற்றவும் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். பழிவாங்க இதைவிடப் பொருத்தமான வேலை முதலாளிக்கும் தோன்றவில்லை; மேலாளராக இருந்தவருக்கே அதைக் கொடுத்தார். பழைய பலகையை அறுத்து எடுத்தார்கள். புதியது கொக்கியில் தொங்கும் சின்னத் தகடு, மண்டையோடும் சிரிக்காது.

அண்ணி திரும்பி வந்த காலையில் கொக்கி காலியாக இருந்தது. மற்ற பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். அண்ணி வாசலிலேயே நின்றார்.

“போர்டு இல்ல, அண்ணி” என்றார் தம்பி.

“பாத்தேன்.”

“அப்ப உள்ள போகலாமே.”

“இருந்தப்பவும்தான் போனேன், தம்பி.”

தம்பி கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். உள்ளே போய், கடைசிப் பாத்திவரை நடந்து, பூக்களுக்கு நடுவே நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, பையை மாட்டப் பழைய இடத்தைத் தேடினார். அங்கே போல்ட் இல்லை.

“குடுங்க அண்ணி, நான் வெளியில பத்திரமா வெச்சிருக்கேன்.”

அண்ணி தரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

சாப்பாட்டை ஷெட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதும் விதிதான். அதைச் சொல்லாமல் அவர் ஒதுங்கி வழிவிட்டார்.