இரண்டாம் தடவை கேட்பது

டென்மார்க்கில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் தூங்கவிட்டு, கடைவாசலிலேயே நிறுத்திவிட்டுத் தாய்க்காரிகள் உள்ளே காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் போலீஸில் இருந்தவனால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியுமா? கோபன்ஹேகனில் மகள் ஜெயசித்ரா வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்படியொரு வண்டிக்குப் பக்கத்தில் குளிரில் பாரா நின்றேன். தாய்க்காரி வெளியே வந்து நன்றி சொல்லவில்லை. பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மாள் கேக்கை நீட்டி, வேண்டுமா என்றாள். எடுத்த எடுப்பில் கை நீட்டினால் சோற்றுக்கு அலந்தவன் என்று நினைக்கமாட்டார்களா? வேண்டாம் என்றேன். எங்கள் மேலகரத்தில் என்றால், அதெல்லாம் கிடையாது அண்ணாச்சி என்று கையில் திணித்துவிடுவார்கள். முதலில் வேண்டாம் என்பது விருந்தாளிக்கு மரியாதை, விடாமல் கேட்பது வீட்டுக்காரருக்கு மரியாதை. அவளோ தட்டை அடுத்த ஆளிடம் கொண்டுபோய்விட்டாள். எல்லாரும் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது ஜெயசித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம், மறுபடி கேட்டால்தான் தப்பாம்.

ஊருக்கு வந்து டீக்கடையில் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் பேச ஆளில்லை. என் மனைவி முப்பிடாதி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒற்றை ஆளுக்குப் பொங்கின சோறு மறுநாளும் மிஞ்சுகிறது. சீசன் தொடங்கி, குற்றாலத்துச் சாரல் எங்கள் தெரு வரைக்கும் அடித்தது. ரோடெல்லாம் வெளியூர்க் கார், எனக்கோ ஒரு வார்த்தை பேச ஆளில்லை. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்ல? ரிட்டையர்டு எஸ்.ஐ. அழுதால் தெரு சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயசித்ரா போனில் கேட்டாள். "அப்பா, அங்கன தனியாக் கெடந்து என்ன செய்யுதீங்க? திரும்ப எங்ககூட வந்துருங்களேன். டிக்கெட் போடவா?"

அப்போதே பெட்டியைக் கட்டிவிடலாம் போலிருந்தது. ஆனால் வாய், பழகின பாட்டைத்தான் பாடியது. "வேண்டாம் தாயி. ஒனக்கு எதுக்குச் செரமம்."

"சரிப்பா, உங்க இஷ்டம்," என்றாள்.

மறுபடி கேட்பாள் என்று அடுத்த ஞாயிறு போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்றுதான் விசாரித்தாள். அதற்கடுத்த வாரங்களிலும் அதேதான். சீசன் ஓய்ந்து ஐந்தருவியில் கடைகளைப் பிரிக்கத் தொடங்கியபோது என் ரோஷமும் ஓய்ந்துவிட்டது. பெற்ற பிள்ளையிடம் என்ன கௌரவம்? நானே கூப்பிட்டேன்.

"ஏட்டி, அன்னைக்கு வரச்சொன்னியே. நான் வாரேன்."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் வேண்டாம் என்றதும் வடகரையிலிருக்கும் மாமியாரைக் கேட்டார்களாம். சம்பந்தியம்மா கேட்ட மாத்திரத்தில் சரி என்றுவிட்டாளாம். போன வாரம் போய் இறங்கியும் விட்டாள். அந்த வீட்டில் கூடுதலாக இருப்பது ஒரே ஓர் அறை, அது எனக்கும் தெரியும்.

"அப்பா, வருத்தமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி."

"சரிப்பா," என்று நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாள்.