பதினைந்தாவது மாணவி

முதலாண்டில் பதினைந்து பேர் இருந்தால் இயற்பியல் துறை பிழைக்கும். பதினான்கு என்றால் இழுத்து மூடிவிடுவார்கள். சேர்க்கை குறைந்த துறைகளுக்கு இனி நிதி இல்லை என்று பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை வந்ததிலிருந்து அருணாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. பதினொரு வருடமாக அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், துறை போனால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இருந்தது சரியாகப் பதினைந்து பேர். அதில் ஒருத்தி கஸ்தூரி, திங்கட்கிழமை மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றாள். வேலூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. துறையில் பாக்கி ஏதும் இல்லை என்று அருணாதேவி கையெழுத்துப் போட்டால்தான் ஆபீசில் சான்றிதழ் தருவார்கள்.

"என்னைக்குக் கடைசி நாளு?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காங்க மேடம்."

மாணவர்களை எண்ணிப் பார்க்கப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு வருவதும் வெள்ளிக்கிழமை காலையில்தான்.

"அப்ப அன்னைக்கு மத்தியானம் வாங்கிக்கோ. பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம், போயிடலாம்."

விண்ணப்பத்தை டிராயரில் வைத்துப் பூட்டினாள். செய்வது தப்பென்று தெரிந்தது. ஆனாலும் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய குழு ஒன்றரைக்கு வந்தது. ஊருக்கு வெளியிலேயே காரை மறித்துவிட்டார்களாம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று பௌர்ணமி. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், கிரிவலக் கூட்டத்தை மறந்துபோயிருந்தாள். அந்த வாரம் பதினைந்தைத் தவிர வேறெதுவும் அவள் தலையில் ஏறவில்லை.

குழுத் தலைவர் விரல் நீட்டி எண்ணினார். கடைசி பெஞ்சில் கஸ்தூரி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு. சரியா இருக்குதுங்க."

குழு கிளம்பி, கஸ்தூரியின் சான்றிதழுக்குக் கையெழுத்து, முத்திரை எல்லாம் முடிய மூன்று மணி. வேலூர் பஸ் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நின்றது. அருணாதேவி அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு சந்து சந்தாக நுழைந்தாள். திரும்பிய பக்கமெல்லாம் தடுப்பு. இடையில் நிறுத்தி நர்சிங் கல்லூரிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நிலையத்தை எட்டியபோது நான்கு ஆகிவிட்டது.

"ஏறும்மா. நான் போன் போட்டுக்கினே இருக்கேன், எப்படியாவது பேசுறேன்."

கஸ்தூரி ஏறவில்லை. கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள்.

"இதத் திருப்பிக் குடுத்துட்டா என்னை இங்கயே சேத்துக்குவாங்களா மேடம்?"

சேர்த்துக்கொள்வார்கள். பதினைந்து குறையாது. அந்த நினைப்பில் ஒரு கணம் மனசு லேசானது. அருணாதேவிக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.